கூடைப்பந்தில் பவர் ஃபார்வர்டை சென்டராக மாற்றலாமா? எப்படிப் பழக்குவது?

மாற்றலாம். சென்டர் (வளையத்தடியைக் காக்கும் நெட்டை ஆள்) இல்லாமல் போய்விட்டது, இருக்கிறவர்களில் உயரமும் உடம்பும் உள்ளவர் பவர் ஃபார்வர்டு (சென்டருக்குத் துணையாக ஆடுபவர்) ஒருவர்தான், அவரும் எதிரணி சென்டர்களைவிடக் கொஞ்சம் குட்டை. உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

இந்தப் பேச்சு வந்தாலே "எதிரணி சென்டர் இவர் தலைக்கு மேல் போட்டுக்கொண்டே இருப்பானே" என்று பயப்படுவார்கள். போடட்டும். 2015 என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) இறுதிச் சுற்றில் 1-2 என்று பின்தங்கியிருந்த கோல்டன் ஸ்டேட், 4வது ஆட்டத்தில் சென்டர் போகட்டை முதல் ஐவரிலிருந்து எடுத்துவிட்டு, சுமார் 2 மீட்டர் உயரமுள்ள டிரேமண்ட் கிரீனை நடுவில் நிறுத்தியது. எதிரே கிளீவ்லேண்டின் மோஸ்காவ், 216 செ.மீ. அவர் அன்று 28 புள்ளி எடுத்தார். கிளீவ்லேண்ட் 103-82 என்று தோற்றது. அதன் பிறகு அந்தச் சுற்றில் அவர்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. போஸ்டில் (வளையத்துக்குப் பக்கத்து இடத்தில்) கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஓட்டத்திலும் திறந்த ஷாட்டிலும் அதைவிட அதிகம் எடுப்பதுதான் இங்கே கணக்கு. உங்கள் அணி ஓடாத அணி என்றால் இந்த மாற்றம் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

உயரம் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கிரீனை உதாரணம் காட்டியதும் சண்டைக்கு வருபவர்கள் வருவார்கள். அவரைப்போல் ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் அபூர்வம்தான். ஆனால் அவர் செய்ததில் பாதி பழக்கத்தால் வருவது.

முதலில் வாய். பவர் ஃபார்வர்டு தன் ஆளைப் பார்த்தால் போதும். சென்டருக்குப் பின்னால் வளையம் மட்டும்தான் இருக்கிறது, அதனால் மற்ற நாலு பேரின் முதுகும் அவர் பொறுப்பு. ஸ்கிரீன் (எதிரணி ஆள் நம் ஆளின் வழியை மறித்து நிற்பது) வருகிறது என்றால், அது நம் கார்டு (வெளியே நின்று பந்தைக் கையாளும் ஆட்டக்காரர்) மேல் இடிப்பதற்கு முன்பே "இடது, இடது" என்று கத்தியிருக்க வேண்டும். இடித்த பிறகு சொல்வது வீண். பயிற்சியில் நாலுக்கு நாலு ஆடவிட்டு, சென்டர் வாய் திறக்காத ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு புள்ளி கொடுங்கள். இரண்டே வாரத்தில் குரல் வந்துவிடும்.

அடுத்தது பிக் அண்ட் ரோல்: ஸ்கிரீன் வைத்தவன் உடனே வளையத்தை நோக்கி ஓடுவது (அதுதான் ரோல்). பழைய ஞாபகத்தில் அவர் பந்தை நோக்கி வெளியே பாய்வார். அந்தக் கணமே ரோல் போகிறவன் அவருக்குப் பின்னால், கேட்பாரற்று. ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று, ஒரு கையைப் பந்துக்கும் இன்னொன்றை ரோலுக்கும் காட்டிக்கொண்டே பின்வாங்கப் பழக்குங்கள். ரோல் போகிறவன் உங்கள் சென்டரின் இடுப்பைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் விதி. எதிரணி கார்டு ஓடிவந்து சட்டென நின்று அடிக்கும் நடுத்தூர ஷாட்டை அவர் தடுக்க வேண்டாம்.

போஸ்டில் வேலை முடிய வேண்டியது பந்து வருவதற்கு முன். வளையத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் எதிராளி பந்தைப் பிடித்துவிட்டால் குட்டை சென்டரால் ஒன்றும் ஆகாது. முன்னால் போய் மறைத்து நிற்கச் சொல்லுங்கள். ஆனால் மறுபக்கத்தில் நிற்கும் நம் ஆளின் ஒரு கால் பெயிண்டுக்குள் (வளையத்தின் முன் உள்ள கட்டத்துக்குள்) இல்லாவிட்டால் தலைக்கு மேல் லாப் (உயரத் தூக்கிப் போடும் பாஸ்) விழும். அந்தப் புள்ளிக்குத் திட்டு வாங்க வேண்டியவர் அந்த மறுபக்கத்து ஆள். எப்படியோ பந்து போய்விட்டதா, கை இரண்டும் நேரே மேலே, எம்பினால் நேரே மேலே. ஃபீபா (உலகக் கூடைப்பந்து அமைப்பு) விதியில் ஒருவருக்கு 5 ஃபவுல்தான். புது சென்டர்களின் ஃபவுல் முக்கால்வாசி, மேலே போன கை கீழே இறங்கும்போதுதான் வருகிறது.

ரீபவுண்டில் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பதில்) செய்யும் தப்பு ஒன்றுதான்: ஷாட் கிளம்பியதும் பந்தைப் பார்ப்பது. முதலில் முன்னங்கை எதிராளியின் நெஞ்சில் படவேண்டும். பிறகு அரைச் சுற்று திரும்பி, முழங்காலை மடக்கி, பிட்டத்தை அவன் தொடை மேல் வைத்து உட்காருவதுபோல் அழுத்த வேண்டும். அதன் பிறகுதான் கண் பந்துக்கு. வளையத்துக்கு நேர்கீழே தள்ளப்பட்டுவிட்டால் எவ்வளவு எம்பினாலும் வலைக்குள் விழுந்த பந்துதான் கையில் கிடைக்கும். இதற்காக அவசரமாகப் பத்து கிலோ ஏற்றுவதும் வேண்டாம். முழங்கால் போகும், ஓட்டமும் போகும். ஸ்குவாட், டெட்லிஃப்ட் போதும்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சல். பன்னிரண்டு வயதில் கொஞ்சம் நெட்டையாக இருக்கிறான் என்பதற்காக ஒரு பையனை வளையத்தடியில் நட்டுவைத்து, "நீ டிரிபிள் பண்ணாதே, பந்தை கார்டுகிட்ட கொடு" என்று ஐந்து வருடம் சொல்லும் பயிற்சியாளர்களை என்ன செய்வது? பதினேழில் மற்றவர்கள் வளர்ந்துவிடுகிறார்கள். அவனுக்கு அப்போது ஷாட்டும் இல்லை, பந்துக் கையும் இல்லை. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். இல்லை, இருக்கிறது: உங்கள் ஆள் வளையத்தைப் பார்த்து நின்று ஆடிப் பழகியவர். நடுவுக்குப் போனதும் அதைப் பிடுங்கிவிடாதீர்கள். ஸ்கிரீன் வைத்துவிட்டு வளையம்வரை ஓடாமல் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று பந்து வாங்கட்டும். இரண்டு பேர் கார்டைச் சூழ்ந்திருந்தால் அவர் முன்னால் நாலுக்கு மூன்று. அங்கிருந்து மூலைக்கு ஒரு பாஸ். மூன்று புள்ளி ஷாட் இருந்தால் இன்னும் நல்லது, எதிரணி சென்டர் 6.75 மீட்டர் வெளியே நடந்து வந்தாக வேண்டும்.

அவர் விட்டுவந்த இடத்தை மறக்காதீர்கள். அங்கே இறங்கும் ஸ்மால் ஃபார்வர்டு பாக்ஸ் அவுட் பண்ணாதவர் (ரீபவுண்டுக்கு எதிராளியை முதுகால் தடுக்காதவர்) என்றால் மாற்றம் ஒரே மாதத்தில் கவிழும், பழி சென்டர் மேல் விழும்.

அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். என்பிஏ வீரர் ஆந்தனி டேவிஸ் 2019ல் லேக்கர்ஸ் அணிக்கு வந்தபோதே சென்டர் ஆட அவ்வளவாகப் பிடிக்காது என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதனால் அவர்கள் வேறு சென்டர்களை வைத்துக்கொண்டு அவரைச் சில நேரம்தான் நடுவில் நிறுத்தினார்கள். 2020 இறுதிச் சுற்றின் 6வது ஆட்டத்தில் சென்டராகவே தொடங்கினார், கோப்பை அன்றே லேக்கர்ஸுக்கு வந்தது. நீங்களும் எதிரணி சென்டர் பெஞ்சில் இருக்கும் நாலைந்து நிமிடங்களில் ஆரம்பியுங்கள். ஆட்டத்தைத் தொடங்கும் ஜம்ப் பாலுக்கு மட்டும் நன்றாக எம்புகிற வேறு யாராவது போகட்டும். சென்டர்தான் போக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.