டபுள் டிராகன் 4 மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

கேள்வி: தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் ஒன்று இருந்தது. டபுள் டிராகன் என்ற அடிதடி ஆட்டத்தின் கேசட்டைப் போட்டால், அம்மா வந்து சுவிட்சை அணைக்கும்வரை நானும் அண்ணனும் எழுந்திருக்க மாட்டோம். இப்போது கணினி ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் டபுள் டிராகன் 4 தள்ளுபடியில் இருக்கிறது. இரண்டு பிரியாணி விலைகூட இல்லை. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். சேர்ந்து ஆடலாம் என்று ஆசை. வாங்கட்டுமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். ஆனால் விற்பனைப் பக்கத்தில் படத்தைப் பார்த்ததும் உங்களுக்கு ஏன் கை துறுதுறுக்கிறது என்று புரிகிறது. ஆட்டத்தின் நாயகர்கள் பில்லி, ஜிம்மி இருவரும் நீங்கள் சின்ன வயதில் பார்த்த அதே உருவத்தில் நிற்கிறார்கள். 1989-இல் நின்டெண்டோவின் 8-பிட் வீடியோ கேம் பெட்டிக்கு வந்த இரண்டாம் பாகத்தின் உருவங்களையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஆள் யார் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. 1987-இல் முதல் டபுள் டிராகனை உருவாக்கிய யோஷிஹிசா கிஷிமோட்டோதான் இதற்கும் இயக்குநர். இசையும் பழைய கசுனாகா யமானேதான். அன்றைய டெக்னோஸ் ஜப்பான் நிறுவனம் 1996-இல் திவாலாகி, உரிமை கைமாறி, 2015-இல் ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் என்ற நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. 2017 ஜனவரியில் இந்த நான்காம் பாகத்தை 7 டாலருக்குள் விலை வைத்து வெளியிட்டார்கள். அதே சமையல்காரர், அதே குழம்பு, சுடவைத்துப் பரிமாறியிருக்கிறார். மீன் குழம்பு என்றால் மறுநாள் ருசி கூடும். இது சாம்பார்.

எங்கே கெட்டது என்பதைக் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன். அந்தப் பழைய 8-பிட் பெட்டியால் திரையில் ஒரே கோட்டில் 8 சின்னத் துண்டுப் படங்களுக்கு மேல் காட்ட முடியாது; மீறினால் உருவம் மினுக்கும். அதனால் அன்று ஒரு நேரத்தில் இரண்டு மூன்று அடியாட்களுக்கு மேல் வர மாட்டார்கள். அடி, உதை, விழுந்து எழும் வேகம் எல்லாம் அந்தக் கணக்குக்கு அமைந்தவை. இப்போது கணினிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லையே என்று அடியாட்களைக் கூட்டமாக இறக்கிவிட்டார்கள். சண்டை முறை மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது. விழுந்து எழுந்தால் சுற்றி நாலு பேர்; எழுந்த வேகத்தில் மறுபடி கீழே. இதைச் சமாளிக்க எல்லாரும் கண்டுபிடிக்கும் வழி எகிறிச் சுழன்று உதைப்பதுதான். அது பலிக்கிறது. பலிப்பதால் வேறு எந்த அடியும் தேவைப்படுவதில்லை. ஒரே பட்டனை அமுக்கிக்கொண்டிருக்க நமக்கு வயது எட்டா?

அப்புறம் அந்தப் பள்ளம் தாண்டும் இடங்கள். கட்டை மாதிரி குதிக்கும் ஆளை வைத்துக்கொண்டு, அந்தரத்தில் நிற்கும் மேடைகளில் தாவச் சொன்னால் சண்டையில் சேர்த்த உயிரெல்லாம் பள்ளத்தில் போகிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆட்டத்தை முடித்தபின், நம்மை அடித்த அடியாட்களையே நாமாக வைத்து ஆடும் வசதி திறக்கிறது. அது ஜாலிதான். ஆனால் அதற்குள் நீங்கள் மூடிவிட்டிருப்பீர்கள்.

அண்ணன் விஷயத்துக்கு வருவோம். இதில் இருவர் ஆட ஒரே அறையில் இருக்க வேண்டும், இணையம் வழியாக ஆடும் வசதி இல்லை. ஸ்டீமில் ‘ரிமோட் பிளே டுகெதர்’ என்று ஒன்று 2019 முதல் உண்டு. ஒருவரிடம் ஆட்டம் இருந்தால் போதும், மற்றவர் தூரத்திலிருந்து சேரலாம். ஆனால் கோவையில் ஓடும் படம் சிங்கப்பூருக்குப் போய், அங்கே அமுக்கிய பட்டன் திரும்பி வர வேண்டும். சீட்டாட்டத்துக்குப் பரவாயில்லை, அடிதடிக்குத் தாமதம் தெரியும். அதைவிட 2020-இல் வந்த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4 என்ற அடிதடி ஆட்டத்தை வாங்குங்கள். கையால் வரைந்த படங்கள், இருவர் இணையத்தில் சேர்ந்து ஆடலாம், ஒரே வீட்டில் என்றால் நான்கு பேர்வரை. விலை கூடத்தான். விருப்பப்பட்டியலில் போட்டு வைத்து அடுத்த தள்ளுபடிவரை பொறுங்கள். முப்பது வருடம் பொறுத்தீர்கள்.

கேள்வி: ஒரு மலிவு அடிதடி ஆட்டத்தை ஸ்டீமில் வாங்கி மூன்று மணி நேரம் ஆடிப் பார்த்தேன். படு மோசம். பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், நெல்லை)

பதில்: வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் காரணம் எதுவானாலும் தருவார்கள். நீங்கள் தாண்டிவிட்டீர்கள். விண்ணப்பிக்கத் தடை இல்லை, ஆனால் நம்பி இருக்க வேண்டாம். ஆட்டத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரமும் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. (மேலே சொன்ன டபுள் டிராகன் 4-ஐ ஒரு மணி நேரம் சொச்சத்தில் முடித்துவிடலாம். முழுக்க ஆடி முடித்துத் திருப்பித் தரலாம் என்கிற அளவில் ஓர் ஆட்டம்!) பிளேஸ்டேஷன் கடையில் இன்னும் கறார்: பதிவிறக்கம் தொடங்கிவிட்டாலே, ஆட்டத்தில் கோளாறு இருந்தால் தவிரப் பணம் வராது.

பிடிக்கவில்லை என்பது சட்டப்படி குறைபாடு ஆகாது. ஆனால் ‘இணையத்தில் இருவர் ஆடலாம்’ என்று விற்பனைப் பக்கத்தில் போட்டுவிட்டு உள்ளே அது இல்லை என்றால் வேறு கதை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மின்வணிகம் என்று சொல்லும்போது டிஜிட்டல் பொருளையும் சேர்த்தே சொல்கிறது. பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, முதலில் கடையிடம், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யலாம்.

கேள்வி: ‘முஸ்தபா கேம்’ எங்கே விலைக்குக் கிடைக்கும்? டிவியில் செருகும் கேம் ஸ்டிக்கில் இருக்கிறது என்கிறார்களே? (வாசகர், திருச்சி)

பதில்: அதன் உண்மைப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், கேப்காம் என்ற நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. முஸ்தபா அதில் வரும் நால்வரில் ஒருவர்தான், நம் ஊரில் அவரே ஆட்டத்தின் பெயராகிவிட்டார். ஒரு காமிக்ஸை வைத்துச் செய்தது என்பதால் உரிமை கேப்காமிடம் மட்டும் இல்லை. 2018-இல் ஏழு பழைய அடிதடி ஆட்டங்களைச் சேர்த்து கேப்காம் ஒரு தொகுப்பு வெளியிட்டது. ஃபைனல் ஃபைட் அதில் இருக்கிறது, முஸ்தபா இல்லை.

ஸ்டிக்கில் இருப்பது உரிமம் இல்லாத நகல். ‘10,000 ஆட்டங்கள்’ என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பழைய ‘99999 இன் 1’ கேசட்தான் ஞாபகம் வருகிறது. நாலைந்து ஆட்டமே வேறு வேறு எண்ணில் வரும். அப்படியும் வாங்குவேன் என்றால் விலைக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். ‘ரீப்ளேஸ்மென்ட் மட்டும்’ என்று இருந்தால், திருப்பி அனுப்பினாலும் பணம் வராது, அதே ஸ்டிக் இன்னொன்று வரும்.