ஜனவரியில் பிட்ஸ்பர்க்: மகள் வீட்டுக்குச் செல்லும் பெற்றோருக்கு

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி: "எனக்கு வயது 67, மனைவிக்கு 62. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வேலை பார்க்கும் மகள் வீட்டில் ஜனவரி இரண்டாம் வாரம் தொடங்கி மூன்று வாரம் தங்கவிருக்கிறோம். எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், மனைவிக்கு மூட்டுவலி. பகலில் மகள் அலுவலகம் போய்விடுவாள். அந்தக் குளிரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, என்ன உடுத்துவது, நயாகராவுக்குப் போய்வர முடியுமா, அல்லது பயணத்தை மே மாதத்துக்குத் தள்ளிவைப்பதா?"

தள்ளிவைக்க வேண்டியதில்லை. பிட்ஸ்பர்க்கின் சிறந்த இடங்கள் பலவும் கூரைக்குக் கீழே இருப்பவை; அவற்றில் முக்கியமானவை ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தொலைவில் உள்ளவை. ஆனால் உங்கள் இருவரின் உடல்நிலைக்கு ஏற்ப, எந்த நாளில் வெளியே போவது, எந்த நேரத்தில் போவது, எந்த மேட்டில் ஏறாமலிருப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் குளிரைப் பற்றிய அச்சம். ஜனவரியில் பகல் உச்ச வெப்பநிலை சராசரியாக 3 டிகிரி செல்சியஸ், இரவில் மைனஸ் 6 அளவில் இருக்கும். சில நாட்கள் மைனஸ் 15-க்கும் கீழே போவதுண்டு. அந்த நாட்களில் வீட்டிலேயே இருங்கள். சிகாகோவையோ மினியாப்பொலிஸையோ ஒப்பிட்டால் இது கடுங்குளிர் அல்ல. இங்கே உண்மையான ஆபத்து வேறு. பகலில் பூஜ்யத்துக்கு மேலும் இரவில் பூஜ்யத்துக்குக் கீழும் வெப்பநிலை மாறிமாறிப் போவதால், பகலில் உருகிய பனி நடைபாதையில் வழிந்து, இரவில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய கண்ணாடிப் படலமாக உறைந்துவிடும். அதோடு இந்த நகரம் மலைச்சரிவுகளில் கட்டப்பட்டது. பீச்வியூ பகுதியில் உள்ள கேன்டன் அவென்யூ 37 சதவீதச் சரிவு கொண்டது. உலகின் மிகச் செங்குத்தான தெருக்களுள் ஒன்றாக அதைச் சொல்வார்கள். மலையடிவாரத்துக்கும் மேட்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான பொதுப் படிக்கட்டுகள் உண்டு. வரைபடச் செயலி குறுக்குவழி என்று அவற்றைக் காட்டினால், குளிர்காலத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆகவே உடையைவிடக் காலணிக்குத்தான் அதிகம் செலவழிக்க வேண்டும். கணுக்காலை மூடுகிற, தண்ணீர் புகாத, அடிப்பாகத்தில் ஆழமான வரிப்பள்ளங்கள் உள்ள பூட்ஸை மகளுடன் போய் அங்கேயே வாங்குங்கள். இங்கிருந்து எடுத்துப்போகும் ஸ்போர்ட்ஸ் ஷூ ஒரு மணி நேரத்தில் நனைந்துவிடும். கம்பளிக் காலுறை தடிமனாக இருக்கும் என்பதால், பூட்ஸின் அளவை அதை அணிந்தபடியே பார்த்து எடுக்க வேண்டும். காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ளும், சிறு உலோக முட்கள் பொருத்திய ரப்பர் பட்டை ஒன்று கிடைக்கிறது. மூட்டுவலி உள்ள உங்கள் மனைவிக்கு அது மிகவும் உதவும். ஆனால் கட்டடத்துக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். வழவழப்பான தரையில் அதுவே வழுக்கிவிடும். நடக்கும்போது கைகளைப் பாக்கெட்டுக்குள் வைக்காமல், சிறு அடிகளாக, பாதம் முழுவதும் தரையில் பதியும்படி வையுங்கள்.

உடலோடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ் மேல்சட்டை, அதற்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத நீண்ட ஜாக்கெட் என மூன்று அடுக்கு போதும். ஒரே தடித்த கோட்டைவிட இது வசதியானது. ஏனெனில் கடை, பேருந்து, அருங்காட்சியகம் எல்லா இடங்களிலும் ஹீட்டர் ஓடும். ஐந்து நிமிடத்தில் வியர்க்கத் தொடங்கிவிடும். சேலை உடுத்தியே பழகியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உப்பும் சேறும் கலந்த உருகிய பனி சேலையின் கீழ்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். நனைந்த கரை காலைச் சுற்றிக்கொண்டால் தடுமாறி விழவும் நேரலாம். வெளியே போகும் நாட்களுக்குச் சல்வாரே பாதுகாப்பானது. கோயிலுக்குப் போகும்போது சேலை உடுத்த விரும்பினால், உள்ளே தெர்மல் காலுடை அணிந்து, கரையைச் சற்று உயர்த்திக் கட்டி, வாசல்வரை காரிலேயே போகலாம்.

வீட்டுக்குள் வெப்பம் இருந்தாலும் காற்று மிகவும் வறண்டிருக்கும். உதடு வெடிப்பதும், மூக்கினுள் காய்ந்து சிலசமயம் இரத்தம் கசிவதும் இதனால்தான். படுக்கையறையில் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் கருவியை வைக்கச் சொல்லுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். கையோடு கொண்டுபோகும் தேங்காய் எண்ணெய் அங்குள்ள அறை வெப்பநிலையில் கட்டியாக உறைந்துவிடும் என்பதால், குறுகிய வாய்ப் புட்டியில் எடுத்துப்போகாமல் விரலால் வழித்தெடுக்கக்கூடிய அகன்ற வாய் டப்பாவில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஸ்டென்ட் வைத்திருப்பதால் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பனிப்பொழிவு நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டின் முன்னுள்ள நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது பிட்ஸ்பர்க் நகர விதி. மகள் அலுவலகம் போயிருக்கும் நேரத்தில், சும்மாதானே இருக்கிறோம் என்று எண்ணி ஷவலை எடுத்துப் பனி அள்ளப் போகும் அப்பாக்கள் பலர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்த அழுத்தம் உயரும். அதே நேரத்தில் ஈரப்பனியை அள்ளித் தூக்கும் கடும் உழைப்பும் சேர்ந்தால் இதயம் தாங்காது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அமெரிக்காவில் பனி அள்ளும்போது மாரடைப்பால் இறப்பவர்கள் உண்டு. புறப்படும் முன் உங்கள் இதய மருத்துவரைப் பாருங்கள். மருந்துகளை அவற்றின் அட்டைகளோடும் மருத்துவரின் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்க்கு எந்த அளவு பொறுப்பேற்கிறார்கள் என்ற பகுதியை ஒருமுறை முழுவதும் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

இனி பார்க்கவேண்டியவை. பகலில் நீங்கள் இருவர் மட்டும் போய்வரத் தகுந்த பகுதி ஓக்லண்ட். நகர மையத்திலிருந்து ஃபோர்ப்ஸ், ஃபிஃப்த் அவென்யூக்கள் வழியாக அடிக்கடி பேருந்து உண்டு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கதீட்ரல் ஆஃப் லேர்னிங் 42 மாடிகள் கொண்ட கோதிக் பாணிக் கோபுரம். 1926-ல் தொடங்கிய அதன் கட்டுமானம் பொருளாதாரப் பெருமந்தத்தின் ஊடாக நீண்டு, 1937-ல் திறப்பு விழா கண்டது. தரைத்தளத்தில் நான்கு மாடி உயரத்துக்கு எழும் கல் மண்டபத்தில் மாணவர்கள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் ஒரு நாற்காலியில் உட்காரலாம், கட்டணம் இல்லை. அந்தக் கட்டடத்துக்குள் பல நாட்டு மரபுகளில் அமைத்த 31 வகுப்பறைகள் உள்ளன. நாளந்தாவை மனத்தில் கொண்டு செங்கல்லில் அமைத்த இந்திய அறையும் அவற்றில் ஒன்று. அவை இன்றும் பாடம் நடக்கும் வகுப்பறைகள்; எனவே கல்லூரி தொடங்கிவிட்ட ஜனவரியில் வார இறுதியே பார்க்க ஏற்றது.

அங்கிருந்து சில நிமிட நடையில் கார்னகி அருங்காட்சியகம். இயற்கை வரலாறும் கலையும் ஒரே கட்டடத்தில், ஒரே நுழைவுச்சீட்டில் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. எஃகு ஆலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் தோண்டியெடுக்கப்பட்டு, அவர் பெயரையே தாங்கிய டைனோசரின் எலும்புக்கூட்டின் முன் நிற்கும்போது, இந்த நகரத்தில் எஃகு எவ்வளவு செல்வத்தைக் குவித்தது என்பது புரியும். சக்கர நாற்காலி கேட்டால் கிடைக்கும். மனைவிக்காகக் கேட்கத் தயங்காதீர்கள்.

என்னைக் கேட்டால், மூன்று வாரத்தில் இரண்டு முறை போகத்தக்க இடம் ஃபிப்ஸ் கண்ணாடித் தோட்டம். 1893-ல் திறந்த அந்தக் கண்ணாடிக் கூடத்தில் வெப்பமண்டலச் செடிகளுக்கென்று வெப்பமும் ஈரமும் காத்துவைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி முழுவதும் மூடுபனியாகிவிடும். அது தெளியும்வரை அசையாமல் நின்றுவிட்டுப் பிறகு படிகளில் காலை வையுங்கள். பல நாட்களாகச் சாம்பல் நிற வானத்தையே பார்த்துச் சலித்த கண்ணுக்கும், வறண்ட மூக்குக்கும் அங்கே கிடைக்கும் ஆறுதல் சொல்லில் அடங்காது. ஜனவரி நடுவில் ஆர்க்கிட் மலர்க் கண்காட்சி தொடங்குவது வழக்கம்.

நகரத்தின் வரலாற்றைப் பார்க்க ஒரு நாளை ஒதுக்குங்கள். அலெகெனி, மொனாங்ககீலா ஆறுகள் கூடி ஒஹாயோ ஆறாகும் முனையில், பிரெஞ்சுக்காரர் 1754-ல் கட்டிய கோட்டையை 1758-ல் அவர்களே எரித்துவிட்டு விலக, ஆங்கிலேயர் அந்த இடத்தைக் கைப்பற்றி இந்த நகருக்குப் பெயரிட்டார்கள். 1764-ல் கட்டிய சிறு செங்கல் காவல் கட்டடம் இன்னும் அங்கே நிற்கிறது. குளிர்காலத்தில் வாரத்தில் சில நாட்களே திறப்பதால் விசாரித்துவிட்டுப் போக வேண்டும். ஆற்றுமுனையில் காற்று முகத்தில் அறையும். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் ஹைன்ஸ் வரலாற்று மையத்துக்குப் போய்விடுங்கள். ஒரு காலத்தில் பனிக்கட்டி நிறுவனத்தின் கிடங்காக இருந்த கட்டடம் அது.

மாலையில் மலைச்சரிவில் தண்டவாளத்தின் மீது ஏறும் கம்பிவடப் பெட்டிகளை விட்டுவிடாதீர்கள். மொனாங்ககீலா இன்க்ளைன் 1870-ல், டுகேன் இன்க்ளைன் 1877-ல் ஓடத் தொடங்கியவை. மேட்டில் குடியிருந்த தொழிலாளர்களை ஆலைகளுக்கு இறக்கி ஏற்றியவை. டுகேன் இன்க்ளைனின் பழைய மரப்பெட்டிகள் இன்றும் ஓடுகின்றன. ஜனவரி நடுவில் ஐந்தேகால் மணிக்குச் சூரியன் மறைந்துவிடும். நாலரை மணிக்கே மலைமேல் ஏறிவிட்டால் பகல் வெளிச்சத்தில் ஆறுகளையும் பாலங்களையும் பார்த்து, விளக்கேறும் நேரத்தையும் பார்த்துவிட்டு இறங்கலாம்.

பொங்கல் சமயத்தில் அங்கிருப்பீர்கள் என்பதால், பென் ஹில்ஸில் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு மகளோடு ஒரு வார இறுதியில் போய்வாருங்கள். 1970-களில் எழுந்த அது, அமெரிக்காவின் மிகப் பழைய இந்துக் கோயில்களுள் ஒன்று. அங்கு கிடைக்கும் புளியோதரையும் தயிர்சாதமும் பெயர்பெற்றவை. கோயில் மேட்டில் இருப்பதால் பனி பெய்யும் நாளில் போக வேண்டாம்.

நயாகராவைப் பற்றி என் கருத்து, இந்தப் பயணத்தில் வேண்டாம் என்பதே. பிட்ஸ்பர்க்கிலிருந்து காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆனால் பாதை ஈரி நகரைத் தொட்டு, ஏரிக்கரை ஓரமாகப் பஃபலோவரை போகிறது. உறையாத ஏரியின் மேல் குளிர்காற்று வீசும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டுவந்து கரையோரத்தில் கொட்டும். ஓரிடத்தில் வெயிலடிக்க, சில மைல் தள்ளி முன்னே போகும் கார் தெரியாத அளவுக்குப் பனி பொழியும். 2022 டிசம்பரில் பஃபலோ வட்டாரத்தில் வீசிய பனிப்புயலில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் சிலர் சாலையில் சிக்கிய கார்களுக்குள்ளேயே உயிரிழந்தவர்கள். அருவிக்கு அருகே அழைத்துச்செல்லும் படகும் குளிர்காலத்தில் ஓடாது. கரை உறைந்த அருவியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மிகுந்தால், மூன்று நாட்களுக்கான வானிலை அறிவிப்பு தெளிவாக இருக்கும்போது மட்டும், பகலில் புறப்பட்டு, ஓர் இரவு அங்கே தங்கும் திட்டத்தோடு, காரில் போர்வை, தண்ணீர், உணவு, உங்கள் இரண்டு நாள் மருந்து ஆகியவற்றை வைத்துக்கொண்டு போங்கள்.