வாசகர் கேள்வி–பதில்: கட்டட அனுமதிகளைக் கொண்டு ஒரு நகரத்தின் வலுவை எடைபோடலாமா?

கேள்வி: ஒரு நகரத்தில் வழங்கப்பட்ட கட்டட அனுமதிகள் சென்ற ஆண்டைவிடக் கூடியிருந்தால், அந்நகரத்தின் பொருளாதாரம் வலுப்பெற்றுவிட்டதாக நாளிதழ்களும் நகர நிர்வாகங்களும் எழுதுகின்றன. வீடு கட்ட அனுமதி கேட்பதற்கும் பொருளாதாரத்துக்கும் உண்மையில் என்ன தொடர்பு?

பதில்: தொடர்பு உண்மையானதே. ஆனால், அந்த எண் எதை அளக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கட்டட அனுமதிக்கான விண்ணப்பம் ஒன்று அலுவலகத்துக்கு வந்து சேரும் நாளில், பெரும்பாலும் மனை கைக்கு வந்திருக்கும், வரைபடம் தயாராகியிருக்கும், பொறியாளருக்கும் கட்டடக் கலைஞருக்கும் கட்டணம் கொடுத்தாகியிருக்கும், வங்கியிலோ முதலீட்டாளரிடமோ கடன் பேச்சு முடியும் தறுவாயில் இருக்கும். இத்தனை செலவையும் ஒருவர் முன்கூட்டியே ஏற்கிறார் என்றால், ஓராண்டோ ஈராண்டோ கழித்து அந்தக் கட்டடத்துக்கு வாடகைக்கோ விலைக்கோ ஆள் வருவார்கள் என்று அவர் நம்புகிறார் என்றுதான் பொருள். ஆகவே, அனுமதிகளின் எண்ணிக்கை நகரத்தின் இன்றைய செல்வத்தை அளப்பதில்லை. பணம் போடத் துணிந்தவர்களின் எதிர்பார்ப்பையே அளக்கிறது.

அந்த எதிர்பார்ப்புக்குப் பின்விளைவுகள் உண்டு. அனுமதி கிடைத்ததும் அடித்தளம் தோண்டுவோருக்கும் கொத்தனாருக்கும் கம்பி கட்டுவோருக்கும் வேலை கிடைக்கிறது. சிமென்ட், செங்கல், மரம் ஆகியவற்றுக்குத் தேவை எழுகிறது. வீடு முடியும் தறுவாயில் மின் பணியாளரும் தச்சரும் வண்ணம் பூசுவோரும் வருகிறார்கள். குடி புகுந்த பிறகு அறைகலன்களும் வீட்டு உபயோகப் பொருள்களும் விற்பனையாகின்றன. இவை அனைத்துக்கும் முன்னால் வரும் பதிவு என்பதால்தான், அமெரிக்காவின் கான்ஃபரன்ஸ் போர்டு என்னும் ஆய்வு அமைப்பு அந்நாட்டுப் பொருளாதாரம் எத்திசையில் போகும் என்பதை முன்கூட்டியே காட்டத் தயாரிக்கும் முன்னோடிக் குறியீட்டின் 10 கூறுகளில் புதிய குடியிருப்புகளுக்கான அனுமதிகளையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இந்தப் பழக்கம் புதிதுமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்குள்ள வணிக ஏடுகள், வங்கிகளுக்கிடையே நடந்த காசோலைத் தீர்வுத் தொகைகளையும் கட்டட அனுமதிகளின் மதிப்பையும் நகரவாரியாக அச்சிட்டுவந்தன. எந்த நகரம் எதை முந்தியது என்று வணிகர் சங்கங்கள் பெருமை பேசுவதற்கும் அந்தப் பட்டியல்கள் பயன்பட்டன. இன்று நீங்கள் படிக்கும் செய்திகளிலும் அந்தப் பெருமையின் சாயல் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு எண்ணை மட்டும் படிக்க வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால், நெருக்கடி வருவதற்கு முன்பே இந்த எண்ணிக்கை நம்மை எச்சரித்திருக்கிறதா?

பதில்: எச்சரித்திருக்கிறது, தவறான நம்பிக்கையும் ஊட்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டு சுமார் 21.5 லட்சம் குடியிருப்புகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் உச்சத்தைத் தொட்ட மாதாந்தர எண்ணிக்கை, அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. அந்நாட்டின் பொருளாதார மந்தநிலை தொடங்கியதாக அதிகாரபூர்வமாகக் குறிக்கப்படும் மாதம் 2007 டிசம்பர். லேமன் பிரதர்ஸ் என்னும் பெரிய முதலீட்டு வங்கி வீழ்ந்தது 2008 செப்டம்பரில். வங்கிகளின் தலைவர்கள் கவலைப்படத் தொடங்குவதற்கு வெகு முன்பே கட்டுநர்கள் விண்ணப்பங்களைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். 2009-இல் வழங்கப்பட்ட அனுமதிகள் 6 லட்சத்துக்கும் கீழே போய்விட்டன. இறக்கத்தைப் பொறுத்தவரை, இந்த அளவுகோல் தன் கடமையைச் செய்தது என்றே சொல்வேன்.

ஆனால், 2005-இல் உச்சத்தில் நின்ற அந்த எண் என்ன சொன்னது? பொருளாதாரம் மிகுந்த வலுவில் இருக்கிறது என்று சொன்னது. உண்மையில் அது காட்டியது, கடன் எவ்வளவு எளிதாகக் கிடைத்தது என்பதை. ஸ்பெயின் இதைவிடக் கடுமையான பாடம். அந்நாட்டில் 2006-இல், கட்டடத் தொழில்நுட்ப வல்லுநர் சங்கங்களின் ஒப்புதல் பெற்ற புதிய வீடுகள் 8.6 லட்சத்துக்கும் மேல். 2013-இல் அந்த எண்ணிக்கை சுமார் 34 ஆயிரம். அவ்வாண்டில் அந்நாட்டுத் தொழிலாளர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் வேலையின்றி இருந்தார்கள். 2006-இன் புள்ளிவிவரத்தை வளத்தின் சான்றாக எடுத்துக்கொண்டு ஒரு கடலோர நகரத்தில் சேமிப்பு முழுவதையும் முதலீடு செய்த குடும்பங்களை நினைத்துப் பார்த்தால், இந்த எண்ணைத் தனியாக அச்சிட்டு மகிழ்வது எவ்வளவு பொறுப்பற்ற செயல் என்பது விளங்கும்.

ஏற்றம் நியாயமானதா என்பதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அனுமதிகள் கூடும் அதே காலத்தில் அந்நகரத்தில் வேலைவாய்ப்பும் மக்கள்தொகையும் கூடுகின்றனவா, வாடகை நிலையாகவோ உயர்ந்தோ இருக்கிறதா, ஆளில்லாத வீடுகளின் விகிதம் குறைவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலை உயர்ந்துகொண்டே போக, வாடகை மட்டும் அசையாமல் இருந்தால், வீடுகளைக் குடியிருக்க வாங்குவோரைவிட மறுவிற்பனைக்கு வாங்குவோர் மிகுந்துவிட்டார்கள் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

கேள்வி: செல்வச் செழிப்புமிக்க சில நகரங்களில் மிகக் குறைந்த அனுமதிகளே வழங்கப்படுகின்றன என்று படித்தேன். இது முரணாக இல்லையா?

பதில்: இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுவே. விண்ணப்பிக்க விரும்புவோர் எத்தனை பேர் என்பது ஒன்று. எத்தனை பேருக்கு நகரம் கதவைத் திறக்கிறது என்பது வேறொன்று. அனுமதிகளின் எண்ணிக்கையில் இவ்விரண்டும் பிரிக்க முடியாதபடி கலந்துகிடக்கின்றன.

சான்பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்வோம். 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் தொழில்நுட்ப நிறுவனங்கள் அங்கே பெருகின, ஊதியங்கள் உயர்ந்தன, வாடகை அமெரிக்காவிலேயே மிக உயர்ந்த நிலையை எட்டியது. ஆயினும் அந்தத் தேவைக்கு ஈடான வீடுகள் கட்டப்படவில்லை. கலிபோர்னியா மாநில வீட்டுவசதித் துறை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நகரத்தில் ஒரு குடியிருப்புத் திட்டத்துக்குத் திட்ட ஒப்புதல் கிடைக்கச் சராசரியாக 523 நாட்களும், அதன் பின் கட்டட அனுமதி கிடைக்க 605 நாட்களும் ஆயின. அதாவது, மனையை வைத்துக்கொண்டு, கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு, ஒருவர் மூன்றாண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். இத்தகைய நகரத்தில் அனுமதிகள் குறைவாக இருப்பதைப் பொருளாதாரம் தளர்ந்திருப்பதன் அறிகுறி என்று எப்படிச் சொல்ல முடியும்? மறுபுறம், எந்தப் பகுதியில் எத்தகைய கட்டடம் வரலாம் என்று வரையறுக்கும் நிலப் பயன்பாட்டு மண்டலச் சட்டம் இல்லாத அமெரிக்க நகரங்களில் மிகப் பெரியதான ஹூஸ்டனில் அனுமதிகள் தாராளமாக வழங்கப்படுகின்றன. அங்கே தேவை கூடினால் அது முதலில் புதிய வீடுகளாக வெளிப்படுகிறது. சான்பிரான்சிஸ்கோவிலோ அதே தேவை வாடகை உயர்வாக வெளிப்பட்டு, ஆசிரியர்களையும் செவிலியர்களையும் பேருந்து ஓட்டுநர்களையும் தொலைவான ஊர்களுக்குத் தள்ளிவிடுகிறது. இந்த இழப்பு எந்த அனுமதிப் பட்டியலிலும் பதிவாவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

குறைந்த எண்ணிக்கைக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். டெட்ராய்ட் நகரத்தின் மக்கள்தொகை 1950-இல் சுமார் 18.5 லட்சம், 2010-இல் சுமார் 7.1 லட்சம். மக்கள் வெளியேறினாலும் வீடுகள் அங்கேயே நின்றன. அதனால், நிற்கும் வீட்டின் விலை புதிதாக ஒன்றைக் கட்டும் செலவைவிடக் கீழே போயிற்று. அந்த நிலையில் யாரும் புது வீட்டுக்கு விண்ணப்பிக்க மாட்டார்கள். 2013-இல் அந்நகர நிர்வாகமே திவால் மனு தாக்கல் செய்தது. ஆகவே, இரண்டு நகரங்களில் அனுமதிகள் ஒரே அளவில் குறைந்திருந்தாலும், ஒன்றில் இடம் கொடுக்க மறுக்கிறார்கள், மற்றொன்றில் இடம் கேட்க ஆளில்லை. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது வீட்டு விலையும் வாடகையும்தான்.

கேள்வி: ஒரு நகரத்தில் அனுமதிகள் ஒரே ஆண்டில் பல மடங்கு கூடி, மறு ஆண்டே சரிந்துவிட்டன. அங்கே பொருளாதாரம் அவ்வளவு வேகமாகக் குலைந்துவிடுமா?

பதில்: பெரும்பாலும் குலைவதில்லை. அத்தகைய ஏற்ற இறக்கத்தைக் கண்டால், முதலில் சட்டப் புத்தகத்தையும் நாட்காட்டியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நியூயார்க் நகரத்தில் 2015-இல் 56 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. 2016-இல் சுமார் 16 ஆயிரம் மட்டுமே. இடையில் நகரம் ஏழையாகிவிடவில்லை. புதிய அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு வழங்கப்பட்டுவந்த சொத்து வரிச் சலுகை காலாவதியாகும் நிலையில் இருந்ததால், கட்டுநர்கள் முண்டியடித்துக்கொண்டு முன்கூட்டியே அனுமதி பெற்றுவிட்டார்கள். புதிய கட்டட விதிகளோ கட்டண உயர்வோ நடைமுறைக்கு வரும் தேதி அறிவிக்கப்பட்டாலும் இதே விளைவு ஏற்படும்.

பேரிடருக்குப் பின் வரும் உயர்வு இதனினும் வேறானது. 2005-இல் கத்ரீனா புயல் தாக்கிய பிறகு நியூ ஆர்லியன்ஸில் பெறப்பட்ட பழுதுபார்ப்பு, மறுகட்டுமான அனுமதிகள் அந்நகரம் இழந்தவற்றை மீட்கும் முயற்சியின் பதிவுகள். அவற்றை வளர்ச்சிக் கணக்கில் சேர்ப்பது நியாயமன்று.

கேள்வி: அனுமதிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதா, அவற்றின் பண மதிப்பைப் பார்ப்பதா?

பதில்: குடியிருப்புகளின் எண்ணிக்கையே நம்பகமானது. மதிப்பு என்பது விண்ணப்பதாரர் தாமே எழுதிக் கொடுக்கும் மதிப்பீடு. பல இடங்களில் கட்டணம் அந்த மதிப்பைப் பொறுத்தே வாங்கப்படுவதால் குறைத்துக் காட்டும் தூண்டுதல் இருக்கிறது. மேலும், கட்டுமானப் பொருள்களின் விலை உயர்ந்தால், ஒரு வீடுகூட அதிகரிக்காமலேயே மொத்த மதிப்பு கூடிவிடும். ஒரே ஒரு தரவு மையம் மாதத்தின் மொத்த மதிப்பை இரட்டிப்பாக்கிவிடலாம். அதில் நிரந்தரமாக வேலை செய்வோரோ மிகச் சிலர். எண்ணிக்கையைப் பார்க்கும்போதும், அது அனுமதிகளின் எண்ணிக்கையா, குடியிருப்புகளின் எண்ணிக்கையா என்று கவனியுங்கள். 200 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக்கும் ஒரு தனி வீட்டுக்கும் தலா ஓர் அனுமதிதான்.

கேள்வி: வளர்ந்துவரும் ஒரு நகரத்தில் கட்டுமானப் பொருள் விற்பனைக் கடை தொடங்க எண்ணியிருக்கிறேன். அனுமதிப் புள்ளிவிவரங்களை நம்பி இறங்கலாமா?

பதில்: அவற்றைப் பாருங்கள், ஆனால் ஒரு மாதத்து எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மழைக்காலத்திலும் கடுங்குளிரிலும் விண்ணப்பங்கள் குறைவது இயல்பு என்பதால், கடைசி 12 மாதங்களின் கூட்டுத்தொகையை அதற்கு முந்தைய 12 மாதங்களோடு ஒப்பிடுங்கள். நகரங்களை ஒப்பிடுவதாக இருந்தால், 1,000 பேருக்கு எத்தனை குடியிருப்புகள் என்று கணக்கிடுங்கள். அனுமதி பெறாமலே கட்டும் வழக்கம் மிகுந்த நகரமென்றால், அங்கே புள்ளிவிவரம் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். புதிய மின் இணைப்புகளின் எண்ணிக்கை அதற்கு நல்ல மாற்றுச் சான்று.

உங்கள் தொழிலுக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி, செய்தியாளர்கள் புரட்டாமல் விட்டுவிடும் பகுதியாகும். மேல்தளம் எழுப்புதல், கூரை மாற்றுதல், கூடுதலாக ஒரு குளியலறை கட்டுதல், கடையை இரண்டாகப் பிரித்தல் போன்ற மாற்றப் பணிகளுக்கான அனுமதிகளைத்தான் சொல்கிறேன். ஒவ்வொன்றும் சிறிய தொகை. ஆனால், அவற்றைக் கோருவோர் அந்நகரத்திலேயே தங்கிவிட முடிவு செய்த குடும்பங்களும் சிறு வணிகர்களும்; பெரும்பாலும் கடன் அலையை நம்பாமல் சொந்தச் சேமிப்பிலிருந்து செலவழிப்பவர்கள். புதிய கட்டுமானம் தேங்கும் ஆண்டுகளிலும் இந்த வேலை முழுவதுமாக நின்றுவிடுவதில்லை என்பதால், உங்கள் கடைக்கு வருவோரில் பெரும்பகுதி இவர்களாகவே இருப்பார்கள்.

கடைசியாக, அனுமதி பெற்றவற்றில் எத்தனை பணி நிறைவுச் சான்று பெற்றன, எத்தனை அனுமதிகள் வேலை தொடங்காமலே காலாவதியாகின என்ற இரு எண்களையும் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். இயல்பான காலங்களில் காலாவதியாகும் பங்கு சிறிதாகவே இருக்கும். அது கூடிக்கொண்டே போகிறது என்றால், அனுமதிகளின் மொத்த எண்ணிக்கை உயர்ந்திருந்தாலும், நீங்கள் முதல் போடுவதைச் சிறிது காலம் தள்ளிவைப்பதே நல்லது.