சித்திரம் படிப்பவர்கள் ஸ்கெட்ச் பண்ணித்தான் ஆக வேண்டுமா? டிசைன் புரொஜெக்டை நேரே கம்ப்யூட்டரில் செய்தால் என்ன?

செய்யலாம். புள்ளியும் கிடைக்கும். ஆனாலும் ஸ்கெட்ச் கொப்பியை விட்டுவிடாதீர்கள். கேள்வியோடு ஊர் பண்டாரவளை என்று எழுதியிருக்கிறீர்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்று வைத்துக்கொண்டே பேசுகிறேன். நான் தலவாக்கலைப் பக்கம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படித்தேன்.

கம்பஸில் எங்களுக்குத் தேயிலைப் பக்கற் ஒன்றை டிசைன் பண்ணச் சொன்னார்கள். "உனக்கென்ன, லேசுதானே" என்றார்கள் கூடப் படித்தவர்கள். கடைப் பக்கற்றுகளை வாங்கி அடுக்கிப் பார்த்தேன். மலை, மூடுபனி, லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டத்தைப் போட்ட 1867 என்ற ஆண்டு. அதோடு, சிரித்துக்கொண்டே இரண்டு விரலால் ஒரே ஒரு இலையைக் கிள்ளும் பெண். அவள் முதுகில் கூடை பூச்செண்டு மாதிரி இருக்கிறது. என் அம்மா கொழுந்து எடுக்கிறவர். பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது.

லீவுக்கு வந்ததும் அம்மாவோடு மலைக்குப் போனேன். கொழுந்து எடுக்கிறவர்கள் நமக்காக நிற்கமாட்டார்கள். ஒரு கோடு போடுவதற்குள் அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள். அதனால் முகத்தை விட்டுவிட்டுக் கழுத்தையும் முதுகையும் மட்டும் வரைந்தேன். காலையில் கூடை வெறுமையாக இருக்கும்போது கயிறு தலையில் சும்மா கிடக்கிறது. நிறுவைக்குப் போகும் நேரம் அதே கயிறு தலைத்துணியை அழுத்தி மடிப்பு விழ வைக்கிறது, தாடை முன்னுக்கு வருகிறது, செடி கீறாமல் இடுப்பில் கட்டின முரட்டுத் துணியான படங்கு ஒரு பக்கம் ஏறிக்கொள்கிறது. சரிவில் மேல்கால் மடங்கியிருக்கும், கீழ்கால் விறைத்து நிற்கும். கைகளோ இரண்டும் ஓயாமல் ஓடும். நான் வாங்கின ஒரு பக்கற்றிலும் இது இல்லை.

என் டிசைனில் முகம் இல்லை. முன்பக்கம் கறுப்பு மையில் கழுத்தும் தோளும், தலையில் கயிறும். கயிறு பக்கற்றின் மேல்மடிப்பைத் தாண்டிப் பின்பக்கம் இறங்கும். கூடை அங்கேதான். அம்மாவிடம் காட்டினேன். "கயிறு இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போகணும்" என்றார். அப்படியே மாற்றினேன்.

எழுத்து வைத்த வேலையும் கடைசி வேலையும் கம்ப்யூட்டரில்தான். ஆகவே நான் கம்ப்யூட்டருக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். இணையத்தில் படம் தேடினால் திரும்பவும் அந்தச் சிரிக்கிற பெண்தான் வருவாள். கயிறு எங்கே இழுக்கிறது என்பது வரைந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது கூடை எங்கே, எல்லாம் பைதானே என்பீர்கள். சரி, எங்கள் பக்கமும் பலர் பைக்கு மாறிவிட்டார்கள். பாரம் மாறவில்லையே. "கஷ்டத்தை விற்கிறாய்" என்று ஒருவர் சொன்னார். செய்கிற வேலையை உள்ளபடி காட்டுவது எப்படி விற்பதாகும்?

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பஸில் சேருவதற்கான செயன்முறைப் பரீட்சைக்குக் கூப்பிட்ட கடிதம் தோட்ட ஆபீசில் கிடந்தது. லயத்துக்கு வீட்டு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை; வருகிற கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான். பக்கத்துக் காம்பரா (லய அறை) அண்ணன் வேறு விஷயமாகப் போனவர் கண்ணில் பட்டு எடுத்து வந்தார். இல்லையென்றால் நான் கம்பஸ் வாசலையே மிதித்திருக்க மாட்டேன். லயத்துக் குடும்பங்களுக்குக் காணியோடு தனி வீடு கட்டிக் கொடுக்கிறார்கள், நல்லது. அதோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விலாசம் கொடுங்கள். எத்தனை பிள்ளைகளின் கடிதம் இப்படி வீணாய்ப் போனதோ.

சரி, உங்கள் விஷயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மேசை போட இடம் இருக்காது. மடியில் வைக்கிற சின்னக் கொப்பியும் ஒரு 2பி பென்சிலும் போதும். மழைக்காலத்தில் கடதாசி ஈரம் குடித்து நெளியும், வாட்டர் கலர் லேசில் காயாது. கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி, அடுப்புச் சூடு படுகிற சுவரில் மாட்டி வையுங்கள். வரைய ஆரம்பிக்க நல்ல இடம் பெரட்டுக்களம், அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். காலையில் எல்லோரும் கொஞ்ச நேரமாவது ஓர் இடத்தில் நிற்பது அங்கேதான். பார்த்துக்கொண்டே இருக்காமல் போய்க் கதை கொடுங்கள், படத்தையும் காட்டுங்கள். அடுத்த நாள் அவர்களே கூப்பிடுவார்கள்.