சான்றிதழுக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

கேள்வி: பி.காம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. வங்கித் தேர்வுக்குப் படித்தேன், கிடைக்கவில்லை. கணக்கு எழுதும் வேலைக்கு எங்கே போனாலும் அனுபவம் கேட்கிறார்கள். தொண்டு நிறுவனத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தால் அது அனுபவமாகும், பதிவுக் கட்டணம் 7,500 ரூபாய், ஆறு மாதச் சான்றிதழ் உறுதி என்கிறார் ஒருவர். சேரலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில், அந்த 7,500 ரூபாயைக் கட்டாதீர்கள். கட்டிவிட்டீர்கள் என்றால் திருப்பிக் கேளுங்கள். உழைப்பைச் சும்மா கொடுக்கப் போகிறவர் காசும் எதற்குக் கொடுக்க வேண்டும்?

இந்தத் தரகர்கள் பேசும் விதம் எனக்குத் தெரியும். நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பதிவு எண் இருக்கிறது, மத்திய அரசே அங்கீகரித்தது என்பார்கள். தொண்டு நிறுவனங்கள் தாங்களே விவரம் கொடுத்துப் பதிந்துகொள்ளும் இடம் அது. எண் இருப்பதால் அங்கே வேலை நடக்கிறது என்று அர்த்தமில்லை. அப்புறம், வாங்கிய சான்றிதழைச் சம்பள வேலை மாதிரி பயோடேட்டாவில் போடச் சொல்வார்கள். பல கம்பெனிகள் இன்று பி.எஃப் பதிவை வைத்து முந்தைய வேலையைச் சரிபார்க்கின்றன. பொய் என்று தெரிந்தால், சேர்ந்த பிறகும் அனுப்பிவிடுவார்கள். ஆள் எடுக்கும் வேலையில் இருந்த காலத்தில் அப்படி அழுதுகொண்டே போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் விற்றவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. வெளியூரில் தங்கிச் செய்யும் முகாம் என்றால் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பணம் கேட்பது நியாயம்தான். அதையும் நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில்தான் கட்ட வேண்டும், ரசீது வாங்க வேண்டும். ஒரு நாள் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கணக்குச் சொல்லத் தெரியாதவர் முகாம் நடத்துகிறவர் இல்லை. தனி நபரின் ஜி-பே எண்ணைக் கொடுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் உள்ளூரிலேயே செய்யப் போவதால் இந்தச் செலவும் உங்களுக்கு இல்லை.

சரி, தன்னார்வப் பணி அனுபவமாகுமா? நீங்கள் தேடும் வேலையோடு ஒட்டியிருந்தால் ஆகும். மரம் நடுவது நல்ல காரியம், ஆனால் கணக்கு வேலைக்கு அதை வைத்து எடுக்க மாட்டார்கள். உங்கள் பக்கத்தில் முதியோர் இல்லமோ குழந்தைகள் காப்பகமோ நடத்தும் சின்ன அறக்கட்டளை இருக்கும். அநேகமாக ரசீதுகளை ஒரு பையில் போட்டுவைத்து, வருடக் கடைசியில் ஆடிட்டரிடம் ஓடுவார்கள். வாரம் இரண்டு நாள் வந்து கணக்கு எழுதித் தருகிறேன் என்று நேரில் போய்க் கேளுங்கள்.

தினசரி வரவு செலவை டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பாருங்கள். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச்சலுகை கிடைப்பதற்கான 80ஜி பதிவு உள்ள இடம் என்றால் நன்கொடை கொடுத்தவர் பெயர், பான் எண், தொகை என்று பட்டியல் போட வேண்டியிருக்கும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது என்பதெல்லாம் ரசீது போடும்போதே பழகிவிடும். ஆறு மாதம் கழித்து நேர்காணலில், வங்கிக் கணக்கில் ஒரு தொகை ஏன் இடித்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதையெல்லாம் கல்லூரியிலேயே செய்திருக்கலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்யச் சொல்கிறார்கள். அதில் பாதியையாவது அவரவர் படிப்புக்கு ஏற்ற வேலையாகக் கொடுத்தால் என்ன? மாதம் 12,000 ரூபாய் வேலைக்கு இரண்டு வருட அனுபவம் கேட்கும் முதலாளிகளுக்கும் இதே கேள்வி உண்டு: எல்லோரும் அனுபவம் கேட்டால் அதை யார்தான் கொடுப்பது?

விலகும்போது லெட்டர்பேடில் கடிதம் வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எதுவரை, வாரம் எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, ஊதியமில்லாப் பணி என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். அங்கே வரும் ஆடிட்டரிடமும் பேசிப் பழகுங்கள். கணக்குத் தாக்கல் நெருங்கும் ஜூலை, ஆகஸ்டில் அவர் அலுவலகத்துக்கே ஆள் தேவைப்படும்.