பாட வராத டீச்சர் பாட்டு வகுப்பு எடுக்க முடியுமா?

பெங்களூரு கே.ஆர்.புரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "பாட்டுக்கும் டிராயிங்குக்கும் எங்கள் பள்ளியில் தனி டீச்சர் இல்லை. வாரத்துக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பீரியட் என்று இரண்டையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குச் சுருதியும் தெரியாது, படமும் வராது. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி பேசும் 40 பிள்ளைகள். எங்கே தொடங்குவது, மார்க் எப்படிப் போடுவது?"

தாராளமாக முடியும். ஆண்டு விழாவை மட்டும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மேடைக்காக ஒரே பாட்டை மாதக்கணக்கில் உருப்போட வைப்பது வேறு, எட்டு வயதுப் பிள்ளைக்குப் பாட்டு சொல்லித்தருவது வேறு.

தாளத்தில் தொடங்குங்கள், அதற்குக் குரல் வேண்டாம். ஆதி தாளம் 8 எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல், அப்புறம் தட்டி வீச்சு, தட்டி வீச்சு (வீச்சு என்றால் கையைத் திருப்புவது). அது கைக்கு வந்ததும் பிள்ளைகளின் பெயரையே சொற்கட்டாக, அதாவது தாளத்துக்குச் சொல்லும் சொல்லாக, ஆக்கிவிடுங்கள். கா-வே-ரி மூன்று, அதாவது தகிட. ந-வ-நீ-தன் நான்கு, தகதிமி. இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கைதட்டினால் 7 வந்துவிடும். எந்த மொழிப் பிள்ளைக்கும் தன் பெயர் தெரியும் என்பதால் இதில் யாரும் பின்தங்குவதில்லை.

பாடும்போது கவனிக்க வேண்டியது எந்த இடத்தில் எடுக்கிறோம் என்பதுதான். நம் குரலுக்கு வசதியாகக் கீழே ஆரம்பிக்கிறோம், பிள்ளைகளால் அங்கே இறங்க முடிவதில்லை, உடனே "இவனுக்குச் சுருதியே சேராது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். கீபோர்டில் நடு 'ஸி'க்கு அடுத்த 'டி'யிலிருந்து அதற்கு மேலே வரும் 'ஏ' வரைக்கும் இந்த வயதுக்குச் சுகமான இடம், மொபைலில் ஒரு கீபோர்டு ஆப் இருந்தால் போதும், அந்த எல்லைக்குள் அடங்கும் சின்னப் பாட்டாக எடுங்கள். தப்பாகப் பாடும் பிள்ளையிடம் "நீ வாயை மட்டும் அசை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதைக் கேட்டபின் வாழ்நாள் முழுக்கப் பாடாமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு, எனக்கு இதில் சமரசமே கிடையாது.

கர்நாடக சங்கீதத்தின் ஆரம்ப ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசைக்கு அவசரப்பட வேண்டாம். புரந்தரதாசர் வகுத்த முறை என்று நாம் சொல்லித்தருவது மாயாமாளவகௌளை ராகத்தில்; அதன் ரிஷபம் (ரி) ஸட்ஜத்துக்கு (ஸ) ஒட்டினாற்போல் அரை ஸ்வர தூரத்தில் இருக்கும், பழகாத காதுக்கு அது எளிதில் பிடிபடாது. மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களில் அப்படி நெருங்கிய ஜோடியே இல்லாததால் ஸ ரி க ப த வை எப்படிக் கலைத்துப் போட்டாலும் காதை உறுத்தாது, பிள்ளைகள் தாங்களே மெட்டுக் கட்டுவார்கள். அப்புறம் வீட்டில் பாட்டியோ அத்தையோ பாடும் தாலாட்டையோ விளையாட்டுப் பாட்டையோ வாரம் ஒரு பிள்ளை கொண்டுவரட்டும், கன்னடப் பாட்டைத் தமிழ்ப் பிள்ளை கற்கட்டும்.

டிராயிங்கில் ஒரே ஒரு விதி: போர்டில் நீங்கள் வரையாதீர்கள். வரைந்தால் 40 நோட்டிலும் அதே இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. ஆளுக்கொரு வேப்பிலை கொடுங்கள். ஐந்து நிமிஷம் பென்சிலைத் தொடாமல் பார்க்கட்டும். நடு நரம்பு சரிநடுவில் ஓடாது, ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் குறுகல், விளிம்பு பல் பல்லாக இருக்கும். இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் பேப்பர். உங்களுக்குப் படம் வராதது இங்கே தடையே இல்லை.

பிள்ளைகளின் படத்தில் பஸ்ஸின் சுவர் வழியாக உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் தெரிவது, வானம் பேப்பரின் உச்சியில் ஒரு நீலப் பட்டையாக நிற்பது எல்லாம் பிழை அல்ல. பிள்ளைகளின் ஓவியத்தை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 7 முதல் 9 வயதுக்கான தனிக் கட்டமாகவே இதைச் சொன்னார், திருத்தப் போகாதீர்கள். பள்ளியில் அனுமதி கிடைத்தால் பேலஸ் ரோடு நவீன ஓவியக் கூடத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள், அங்கேயும் எல்லாப் படத்தையும் காட்ட வேண்டாம், இரண்டு போதும்.

மார்க் போட்டே ஆகவேண்டும் என்றால் படம் அழகாக இருக்கிறதா என்று பார்த்துப் போடாதீர்கள். ஜூனில் வரைந்த ஒன்றையும் மார்ச்சில் வரைந்த ஒன்றையும் எடுத்து வைத்து, எது கூடியிருக்கிறது என்று பிள்ளைக்கு ஒரு வரி எழுதுங்கள். பெயர், தேதி, உங்கள் குறிப்பு எல்லாம் பேப்பரின் பின்பக்கத்தில் இருக்கட்டும்.