முக்காலி ஆடுவதே இல்லை, நாலு கால் மேசைதான் ஆடுகிறது. அப்படியானால் எல்லாவற்றுக்கும் மூன்று கால் வைத்தால் என்ன? ஆபீஸ் சேருக்கு ஏன் ஐந்து கால்?

ஆடுவது வேறு, கவிழ்வது வேறு. மூன்று கால் வைத்தால் ஆட்டம் போய்விடும், ஆனால் கவிழ்வது சுலபமாகிவிடும்.

எந்த மூன்று புள்ளிகள் வழியாகவும் ஒரு தளம், அதாவது ஒரு தட்டையான பரப்பு, போகும். அதனால் தரை மேடு பள்ளமாக இருந்தாலும் மூன்று காலும் ஊன்றிக்கொள்ளும். மண் அடுப்பில் மூன்று குமிழ்மேல் பானை அசையாமல் உட்காருவதும், நில அளவைக் கருவியை மூன்று கால் தாங்கியில் நிறுத்துவதும் இதனால்தான். நான்காவது கால் அதே தளத்தில் அமைய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே மேசை ஆடும்.

ஆடும் மேசையைக் கவனித்துப் பாருங்கள். எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்கள்தான் மாறி மாறித் தூக்கும், மற்ற இரண்டும் தரையை விடாது. எந்தக் கால் குட்டை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தூக்கும் இரண்டில் எதை அழுத்தினாலும் மற்றதன் அடியில் வரும் இடைவெளி ஒரே அளவுதான். அந்தக் கனத்துக்கு ஒரு துண்டை இரண்டில் ஏதாவது ஒரு காலின் அடியில் வைத்தால் போதும். மேசைமேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்திருக்கும் பக்கத்துக் காலுக்கு வையுங்கள். பழைய ஏடிஎம் அட்டை சுமார் 0.76 மி.மீ. கனம் உடையது. அதைத் துண்டுகளாக வெட்டி, இடைவெளி நிரம்பும்வரை ஒவ்வொன்றாகச் செருகினால் அளவும் தெரிந்துவிடும், அதையே காலின் அடியில் ஒட்டியும் விடலாம். மடித்த காகிதம் வேண்டாம். பாரத்தில் நசுங்கும், தரை துடைக்கும்போது ஊறும், ஒரு வாரத்தில் பழைய ஆட்டம் திரும்பிவிடும்.

அதற்கு முன் ஒரு சோதனை. சதுர மேசையை நின்ற இடத்திலேயே மெல்லத் திருப்புங்கள். கோளாறு தரையில் இருந்தால், 90 டிகிரிக்குள் எங்காவது ஓரிடத்தில் ஆட்டம் நின்றுவிடும். காரணம் எளிது. 90 டிகிரி திருப்பியதும் தூக்கும் ஜோடியும் ஊன்றும் ஜோடியும் இடம் மாறிக்கொள்கின்றன. முன்பு தூக்கியது இப்போது ஊன்றுகிறது என்றால், நடுவில் எங்கோ நான்கும் ஊன்றியிருக்க வேண்டும். நீள்சதுர மேசைக்கு அரை வட்டம்வரை திருப்ப வேண்டியிருக்கலாம். ஆனால் கால்களின் நுனிகள் சமமாக இருக்க வேண்டும். தரையும் படிப்படியாக ஏறி இறங்க வேண்டும். டைல்ஸ் ஓரத்தில் சட்டென்று படிபோல் ஏறியிருந்தால் இது பலிக்காது. எப்படித் திருப்பினாலும் மேசையின் அதே இரண்டு கால்களே தூக்கினால் கோளாறு மேசையில்தான். வெல்டிங் செய்த இரும்பு மேசைகளில் சட்டமே லேசாக முறுக்கிக்கொண்டிருக்கும்.

இனி கவிழ்வது. கால்கள் ஊன்றிய புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால் தரையில் ஒரு பலகோணம் கிடைக்கும். ஈர்ப்பு மையத்திலிருந்து (மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) நேர் கீழே விடும் தூக்குநூல் அதற்குள் விழும்வரை பொருள் நிற்கும், வெளியே போனால் கவிழும். அதாவது காலின் தூரம் முக்கியமல்ல, இரு கால்களை இணைக்கும் கோடு நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். கால்கள் 30 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் சமமாக அமைந்தால், அந்தக் கோடு மூன்று காலுக்கு 15 செ.மீ., நான்குக்கு 21, ஐந்துக்கு 24, ஆறுக்கு 26 செ.மீ. தூரத்தில் வரும்.

ஆபீஸ் சேருக்கான பதில் இந்த எண்களிலேயே இருக்கிறது. உட்கார்ந்தவரோடு சேர்த்து ஈர்ப்பு மையம் 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், மூன்று கால் 14 டிகிரி சாய்ந்ததும் கவிழும். நான்கு கால் 19, ஐந்து கால் 22 டிகிரி தாங்கும். ஆறாவது காலால் கூடுவது ஒரு டிகிரிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதற்காக இன்னொரு சக்கரமும் செலவும் எதற்கு? சுழலும் சேரில் ஆள் எந்தத் திசையிலும் சாய்வார் என்பதால் மிகப் பலவீனமான திசையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பழைய ஆபீஸ் சேர்களில் நாலு கால் இருந்தது, பிறகு அது ஐந்தானது இதனால்தான். ஐந்து கால் ஆடாதா என்று கேட்கலாம். காலியான சேரில் ஒரு சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருப்பதுண்டு. ஆள் உட்கார்ந்ததும் கால்கள் லேசாக வளைந்து ஐந்தும் ஊன்றிவிடும். கெட்டியான மர மேசையில் அந்த வளைவுக்கு இடமில்லை.

ஆட்டோ ரிக்‌ஷாவும் முக்கோணம்தான், கூர்முனை முன்னால் இருக்கிறது. பின் அச்சில் முழு அகலம், நடுவில் பாதி, முன்சக்கரத்தில் பூஜ்ஜியம். ஓட்டுநர் பக்கத்தில் இருவரை ஏற்றினால் ஈர்ப்பு மையம் குறுகலான பகுதிக்கு நகர்கிறது. வளைவில் பிரேக் பிடிப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும்.

வீட்டில் பெரிய ஆபத்து, ஃபேன் துடைக்க முக்காலியில் ஏறுவது. கால்கள் 20 செ.மீ. ஆர வட்டத்தில், மேலே வட்டப் பலகை 15 செ.மீ. ஆரம் என்று வையுங்கள். கால்களை இணைக்கும் கோடு நடுவிலிருந்து 10 செ.மீ. தூரம்தான், எனவே இரு கால்களுக்கு நடுவே பலகை 5 செ.மீ. அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே மிதித்து ஏறினால் முக்காலி உடனே புரளும். நாலு கால் ஸ்டூலில் நீட்டிக்கொண்டிருப்பது ஒரு செ.மீ. கூட இல்லை. ஆனாலும் ஏறி நின்றவரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 135 செ.மீ. உயரத்தில் இருக்கும், நாலு கால் ஸ்டூலே 6 டிகிரிதான் தாங்கும், முக்காலி 4 டிகிரி. வேறு ஏணி இல்லையென்றால், கீழே கால்கள் விரிந்த நாலு கால் ஸ்டூலை எடுத்து, கை நீட்டப் போகும் திசைக்கு ஒரு காலைத் திருப்பி வையுங்கள். அந்தத் திசையில் மட்டும் 14 செ.மீ.க்குப் பதில் முழு 20 செ.மீ. கிடைக்கும். கை எட்டாவிட்டால் எக்க வேண்டாம். இறங்கி ஸ்டூலை நகர்த்துங்கள்.